ஒரு டிகிரியின் இருபதில் ஒரு பங்கு

1

போன பெப்ரவரியில் நான் ஜேர்மனிக்கு வந்து பதினைந்து வருடங்கள் நிறைந்தன. எனக்கு அது நினைவில்கூட இல்லை. என் கணவர் ரமணன்தான் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கேக்கை வாங்கி வந்து மேசையில் வைத்தார். கத்தியை எடுத்துக்கொண்டு வந்த மகள் கயல், "அம்மா, முதல் நாள் கதையைச் சொல்லுங்க" என்றாள். பதின்மூன்று வயதில் அவளுக்கு என்னுடைய எந்தக் கதையும் பிடிப்பதில்லை, இது ஒன்றைத் தவிர. இதில் நான் அசடு வழிகிறேன் என்பதுதான் காரணம்.

கதை இவ்வளவுதான். வந்திறங்கிய அன்று மாணவர் விடுதியின் அலுவலகத்தில் சாவி வாங்க நின்றேன். வெளியே முழங்கால் அளவு பனி. என்னிடம் இருந்தது கட்டுநாயக்கவில் விமானம் ஏறும்போது போட்டிருந்த மெல்லிய ஸ்வெட்டர் மட்டும். சாவி கொடுத்த அம்மா "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். எனக்கோ பல் கிட்டித்துவிட்டது. புத்தகத்தில் படித்த ஜேர்மனை ஆங்கிலத்தின் வழியாக யோசித்து, 'நான் குளிராக இருக்கிறேன்' என்று சொன்னேன். அந்த மொழியில் அதற்கு, 'நான் ஈவிரக்கமில்லாதவள்' என்று பொருள். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "அப்படித் தெரியவில்லையே" என்றார்.

ஜேர்மன்காரர்களும் நம்மைப் போல 'எனக்குக் குளிருது' என்றுதான் சொல்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தமிழில் நினைத்ததை அப்படியே சொல்லியிருந்தால் சரியாக வந்திருக்கும். இலங்கையின் தேயிலை மலையில், டயகமவில் பிறந்து, வருடத்தில் பாதி நாள் கம்பளிக்குள் வளர்ந்த ஒருத்திக்குக் குளிரைப் பற்றி ஒரு வாக்கியம் ஒழுங்காக வரவில்லை.

கயல் சிரித்தாள். வழக்கமாகக் கதை அதோடு முடிந்துவிடும். இந்த முறை, இரண்டு ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த என் அக்கா செல்வராணி ஒரு வரி சேர்த்தாள்.

"அப்பவே என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பேன்ல."

அக்கா முந்தின நாள்தான் வந்திருந்தாள். ஆறு வாரம் எங்களோடு தங்குவதாக ஏற்பாடு.

2

அக்காவை இங்கே கூட்டிவர மூன்று வருடம் பிடித்தது. தாமதத்துக்குக் காரணம் அப்பா.

அப்பா இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் காகிதத்தில் எங்களுக்கு இரண்டு அப்பாக்கள். அக்காவின் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முனியாண்டி. ஏழு வருடம் கழித்துப் பிறந்த எனக்கு அப்பா முனியன். எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். இருவரும் காதில் விழுந்ததைச் சிங்களத்தில் எழுதினார்கள். அப்பா இரண்டு தடவையும் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்திவிட்டு, தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் கத்தியோடு மலைக்குப் போயிருப்பார்.

விசாவுக்குக் காகிதங்களைக் கொடுத்தபோது, நாங்கள் உடன்பிறந்தவர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை. காகிதத்தை மட்டும் பார்த்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். தோட்டத்து அலுவலகத்தில் ஒரு கடிதம், அக்கரப்பத்தனையில் ஜே.பி. எனப்படும் சமாதான நீதவான் ஒருவரிடம் சத்தியக் கடதாசி, அதை மொழிபெயர்க்க ஹட்டன், முத்திரை குத்த கொழும்பு என்று அக்கா பஸ் மாறி மாறி அலைந்தாள். அலைந்த ஒவ்வொரு நாளும் மாலையில் எனக்கு ஃபோன் வரும்.

"ஜே.பி. ஐயா ஒங்கப்பா பேரு என்னான்னு கேட்டாரு. எந்தத் தாளுக்குங்கன்னு கேட்டேன். பேனாவ வச்சிட்டுச் சிரிக்கிறாரு மனுசன்."

டயகமப் பக்கத்து ஆட்களுக்கு அக்காவைத் தெரிந்திருக்கும். எங்கள் தோட்டத்து டிவிசனில் கங்காணியான முதல் பெண்களில் அவள் ஒருத்தி. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரித்து, யார் எந்த மலைக்கு என்று சொல்லி அனுப்புவது அவள் வேலை. குரல் அதற்கேற்ற குரல். எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் நின்று அவள் கயலைச் சாப்பிடக் கூப்பிட்டால், கீழே சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக் கிழவர் நிமிர்ந்து பார்ப்பார்.

அவளைப் பற்றி நான் சொல்ல வேண்டிய இன்னொன்று இருக்கிறது. பதினாறு வயதில் ஓ எல் பரீட்சை எழுதிய கையோடு அக்கா படிப்பை நிறுத்தி, தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிந்தாள். அவள் கொழுந்து பறித்ததால்தான் நான் ஹட்டனில் தங்கி ஏ எல் படித்தேன், பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன், இங்கே வந்தேன். எங்கள் வீட்டில் அம்மா இதை எல்லோரிடமும் சொல்வார். நானும் அப்படியே நம்பி, அதை முதுகில் சுமந்துகொண்டுதான் இத்தனை வருடமும் நடந்திருக்கிறேன்.

3

வந்த இரண்டாம் வாரமும் அக்காவுக்கு நடுக்கம் நிற்கவில்லை. நடைபாதைச் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானியை ரமணன் எட்டிப் பார்த்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு தமிழ் ஓடும்.

"இருபத்தொண்டு காட்டுது அக்கா. குளிரக் கூடாதே."

"அது அந்தச் செவுத்துக்கு, தம்பி. ஜன்னலோரமா ஒக்காந்திருக்கிறது நானு."

பிறகு போன சனவரியில் நடந்த ஒன்றைச் சொன்னாள். பங்களா மேட்டில் மாட்டியிருக்கும் வெப்பமானி நாலு டிகிரி காட்டியிருக்கிறது. அந்தக் காலையில் பள்ளத்திலிருக்கும் மலையில் கொழுந்தெல்லாம் கறுத்துச் சுருண்டு கிடந்தது. மலைகளை மேற்பார்வை பார்க்கப் புதிதாக வந்திருந்த கண்டாக்கு ஐயா, நாலு டிகிரியில் கொழுந்து கருகாது, ஆட்கள் மருந்தைக் கூட்டி அடித்துவிட்டார்கள் என்று அக்கா மேல் பாய்ந்தாராம்.

"வாங்கய்யா, நேர்ல பாப்போம்னு மறுநா விடியக்காலம் கூட்டிட்டுப் போனேன். பள்ளத்துல எறங்கின ஒடனே பச்சப் புல்லெல்லாம் வெள்ள. அவரு சப்பாத்து வழுக்கி ஒக்காந்துட்டாரு. ஒக்காந்த எடத்துலேயே, சரி செல்வராணி, பனிதான்னு சொன்னாரு."

கயல் இதைக் கேட்டுப் பலமாகச் சிரித்தாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அக்கா வருகிறாள் என்று சொன்னபோது, அறையைப் பகிர வேண்டுமே என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டவள் அவள். நான் தமிழில் கேட்டால் ஜேர்மனில் பதில் சொல்லி ஐந்தாறு வருடமாகிறது. அக்காவுக்கு ஜேர்மன் தெரியாது என்பதால் வேறு வழியில்லாமல் தமிழில் பேசத் தொடங்கியிருந்தாள். அவள் அப்பாவின் யாழ்ப்பாணமும் என் மலையகமும் பள்ளிக்கூடத்து ஜேர்மனும் கலந்த ஒரு தமிழ் அது.

"ஆமா, நீ என்னதான் வேல பாக்குற?" அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஆராச்சி ஆராச்சிங்கிற. எத ஆராயுற?"

ஊருக்கு எழுதும்போதெல்லாம் 'ஆராய்ச்சி' என்ற ஒரு சொல்லோடு தப்பித்து வந்திருக்கிறேன். அன்று முடியவில்லை.

"சூடு பாக்குறோம்க்கா. ரொம்ப ரொம்பக் குளிரான எடத்துல, இன்னும் எவ்வளவு சூடு மிச்சமிருக்குன்னு."

"காச்சலுக்கு வாயில வப்பாங்களே, அது மாதிரியா?"

அது மாதிரிதான். அவள் கையிலிருந்த பிளேன்டீயை வைத்தே விளக்கினேன். ஒரு கோப்பைத் தேநீரில் வெப்பமானியை விட்டால் அது கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொண்டுதான் அளவைச் சொல்லும். கோப்பை பெரிதென்றால் அது பொருட்டில்லை. ஆனால் கரண்டியில் இரண்டு சொட்டுத் தேநீர்தான் இருக்கிறது, நம்மிடம் இருப்பது விரல் தடிமன் வெப்பமானி என்றால்? விட்ட உடனே தேநீர் ஆறிவிடும். நாம் படிப்பது தேநீரின் சூட்டை அல்ல. ஆகவே அளக்கப்படும் பொருளைக் கலைக்காத அளவுக்கு மிகச் சிறிய வெப்பமானி வேண்டும்.

எங்கள் வெப்பமானி ஒரு நகத்தளவு சில்லின், அதாவது சிப்பின், மேல் வரைந்த அலுமினியச் சுற்று. குவாண்டம் விதிப்படி அதை இரண்டு நிலைகளில் ஒன்றில்தான் பார்க்க முடியும்: கீழே, அல்லது மேலே. சுற்றிலும் நல்ல குளிர் என்றால் கீழேயே கிடக்கும். சூடு தட்டினால் எப்போதாவது மேலே ஏறும். ஆயிரக்கணக்கான தடவை பார்த்து, எத்தனை தடவை மேலே இருந்தது என்று எண்ணினால், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் சூழலின் வெப்பநிலை தெரிந்துவிடும். இன்னொரு விசேஷமும் உண்டு. அது சூழலோடு முழுவதும் ஒத்துப்போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒத்துப்போன பிறகு, தான் எந்த நிலையிலிருந்து புறப்பட்டது என்பதை மறந்துவிடும். பாதி வழியில், இன்னும் மாறிக்கொண்டிருக்கும்போதே பார்த்தால், சூழலைப் பற்றி அது கூடுதலாகச் சொல்வதுண்டு. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களிடம் இதைச் சொன்னால் உடனே தலையாட்டுகிறார்கள்.

அக்கா கடைசிவரை கவனமாகக் கேட்டாள். பிறகு, "இதுக்கு எத்தன பேரு?" என்றாள்.

"எங்க குழுவுல ஒம்பது பேரு."

"ஒம்பது பேருக்கு ஒரு கங்காணியா?"

"ஆமா. ஹெல்கான்னு ஒரு அம்மா."

"பொம்பள," என்று அக்கா திருப்தியாகத் தேநீரைக் குடித்து முடித்தாள்.

4

அக்காவிடம் நான் சொல்லாதது ஒன்று இருந்தது.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் குளிர்ப்பெட்டி ஆளுயர உருளை. அதற்குக் கீழே குளிரவே முடியாது என்று ஓர் எல்லை உண்டு. பள்ளிக்கூடத்தில் தனிப் பூச்சியம் என்று படித்தோமே, அது. பெட்டியின் அடித்தட்டில் பொருத்திய வெப்பமானி, அந்த எல்லைக்கு மேலே ஒரு டிகிரியின் ஐம்பதில் ஒரு பங்கு என்று காட்டிக்கொண்டிருந்தது. அதே தட்டில் புதிதாகப் பொருத்திய என் சில்லு இருபதில் ஒரு பங்கு என்று சொன்னது. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். தட்டு சொல்வது சரியென்றால், பத்து லட்சம் தடவை பார்த்தாலும் சில்லு ஐந்தாறு தடவைதான் மேலே இருக்க வேண்டும். அதுவோ ஆயிரத்துக்கு எட்டுத் தடவை மேலே நின்றது.

என்னோடு வேலை செய்யும் மத்தியாஸ் மூன்று மாதமாக ஒரே வாக்கியத்தைச் சொன்னான்: "உன் வெப்பமானி கெட்டுவிட்டது, கலா." நான் இல்லை என்றேன். சில்லு சரி, அதைச் சுற்றியிருப்பதில்தான் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று வாதாடினேன். வெறும் வாதம் இல்லை. இது புதிதாக ஒன்று, கட்டுரையாக எழுதலாம் என்று ஹெல்காவிடமும் சொல்லிவிட்டேன். ஹெல்கா அவசரப்படுகிறவர் அல்ல. மார்ச் கடைசியில் குழுவின் முன்னால் எல்லாவற்றையும் வைக்கச் சொன்னார்.

அந்தக் கூட்டத்துக்கு இன்னொரு கனமும் இருந்தது. என் வேலை ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று ஹெல்கா எழுதிக் கொடுக்க வேண்டும். பதினைந்து வருடத்தில் இது என் ஐந்தாவது ஒப்பந்தம். ஆனால் ஊரில் நான் 'புரொபசர்'. அக்கா டிவிசன் முழுக்க அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். ஆரம்பத்தில் ஒருமுறை திருத்தப் பார்த்தேன். ஃபோனில் அவள் குரலிலிருந்த சந்தோஷத்தைக் கேட்டு விட்டுவிட்டேன். விட்டது வளர்ந்து, பிறகு திருத்த முடியாத அளவுக்குப் போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆய்வுக்கூடத்திலிருந்து திரும்பினேன். சமையலறையில் அக்கா தேங்காய் ரொட்டி தட்ட, கயல் மேடைமேல் ஏறி உட்கார்ந்து சுடச்சுடத் தின்றுகொண்டிருந்தாள். நான் ஒன்றும் பேசாமல் அறைக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது.

"ஒங்கம்மா ஏன் இப்படி உம்முன்னு இருக்கா?"

"வேலையாலதான், பெரியம்மா. அம்மாட வேல ஆகஸ்டுல வெளிய ஓடுது."

"வேல ஓடுதா? எங்க ஓடுது?"

ஒப்பந்தம் முடிவதை ஜேர்மனில் 'வெளியே ஓடுவது' என்பார்கள். கயல் அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அக்காவுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், கைகளை ஆட்டி, இருந்த தமிழையெல்லாம் திரட்டி விளக்கத் தொடங்கினாள். ஆகஸ்டுக்குப் பிறகு சம்பளம் இல்லை, புதுத் தாள் வர வேண்டும், வராமலும் போகலாம், அம்மா புரொபசர் இல்லை, புரொபசர் ஹெல்காதான். என் மகள் இவ்வளவு நீளமாகத் தமிழ் பேசி நான் கேட்டதில்லை. அந்த நேரத்தில் அதை ரசிக்க முடியவில்லை.

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, கையில் ஒட்டிய மாவோடு வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இத்தன வருசமா ஓடுற வேலய, ஒக்காந்திருக்குன்னு எங்கிட்ட சொல்லிருக்க."

"நான் சொல்லலக்கா. நீயா நெனச்சுக்கிட்ட. நான்… மறுக்கல."

"ஏன் மறுக்கல?"

"நீ படிப்ப விட்டுட்டு மலைக்குப் போன. நான் இங்க வந்து வருசா வருசம் வேல தேடுறேன்னு ஒங்கிட்ட எப்புடிச் சொல்றது?"

அக்கா விரலிடுக்கில் காய்ந்த மாவை உருட்டி எடுத்தாள்.

"நான் ஒனக்காகப் பள்ளிக்கூடத்துலேருந்து நிக்கல, கலா. ஓ எல்ல கணக்குப் பெயிலு. திருப்பி எழுதச் சொன்னாங்க, எனக்குப் பயம். பேரு பதியுறேன்னு நானேதான் சொன்னேன். அம்மாதான் தங்கச்சிக்காக நின்னுட்டான்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிச்சு. கேக்க நல்லா இருந்துச்சு. நானும் மறுக்கல."

நான் அவள் முகத்தையே பார்த்தேன். அதில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் சொன்னது உண்மையா, என் மனப்பாரத்தை இறக்கிவைக்க அந்த நிமிடத்தில் கட்டியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊரில் அவளுடைய பரீட்சைப் பெறுபேற்றைத் தேடிப் பார்க்கலாம். தேட மாட்டேன்.

"ரொட்டி ஆறுது, வா," என்று எழுந்து போனாள்.

5

கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு சோதனை செய்தேன். வெளியிலிருந்து குளிர்ப்பெட்டிக்குள் நான்கு கம்பிகள் இறங்கிச் சில்லுக்குப் போகின்றன. ஒவ்வொரு கம்பியும் வழியில் தட்டோடு ஒரு செப்புக் கவ்வியால் இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். கம்பி வழியே இறங்கும் சூட்டை அந்த இடத்தில் தட்டு வாங்கிக்கொள்ளும், சில்லுக்குப் போகாது. ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகத் துளியளவு சூடாக்கி, சில்லு என்ன சொல்கிறது என்று பார்த்தேன். மூன்று கம்பிகளுக்குச் சில்லு அசையவில்லை. நான்காவதைச் சூடாக்கிய உடனே, மேலே ஏறும் எண்ணிக்கை கூடியது. அடித்தட்டின் வெப்பமானியோ எப்போதும்போல அதே அளவைக் காட்டிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்த கணத்தில் எனக்குள் பொங்கிய சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். சில்லு பொய் சொல்லவில்லை. அது தட்டைப் பற்றிப் பேசவே இல்லை. தன்னைத் தொட்டுக்கொண்டிருந்த கம்பியைப் பற்றித்தான் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

பெட்டியை நிறுத்தி, சூடேறி அறை வெப்பநிலைக்கு வர இரண்டு நாள் ஆனது. ஞாயிற்றுக்கிழமை முற்பகல். ஆய்வுக்கூடத்தில் வேறு யாரும் இல்லை. உறையைக் கழற்றி நான்காவது கவ்வியை விரலால் தொட்டேன். ஆடியது. திருகாணி அரைச்சுற்றுத் தளர்ந்திருந்தது.

சுவரலமாரியில் எங்கள் வேலைப் புத்தகம் இருக்கிறது. யார் எந்தப் பாகத்தைப் பூட்டினாலும் அதில் எழுத வேண்டும். இரண்டு வருடத்துக்கு முந்தைய பக்கத்தைப் புரட்டினேன். நான்கு கவ்விகளும் பூட்டப்பட்டன, இறுக்கம் சரிபார்க்கப்பட்டது. கீழே என் கையெழுத்து.

புதிதாக எதுவும் இல்லை. கண்டுபிடிப்பு இல்லை. நான் சரியாக முடுக்காமல் விட்ட ஒரு திருகாணி.

திருகாணியை முடுக்கும் சாவி என் கையில்தான் இருந்தது. அரைச்சுற்று. முடுக்கிவிட்டுப் பெட்டியை மூடினால், இரண்டு நாளில் குளிர்ந்துவிடும். கூட்டத்தில், சூடாக்கிக் குளிரவைத்ததில் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இந்தத் துறையில் அப்படி நடப்பதும் உண்டு. அந்தச் சாவியோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு, கவ்வியைப் படமெடுத்துக்கொண்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அக்காவிடம் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திரையை அகட்டி அகட்டிப் பார்த்தாள்.

"இந்த ஆணியா?"

"ஆமா."

"வேற யாரும் பாத்தாங்களா?"

"இல்ல."

"முடுக்கிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"தெரியலக்கா."

அக்கா ஃபோனைத் திருப்பித் தந்தாள். "முடுக்கியிருந்தா இந்த போட்டோவ எனக்குக் காட்டியிருக்க மாட்ட" என்றாள். அவ்வளவுதான். பிறகு, பருப்பில் உப்புக் குறைகிறதா பார் என்று கரண்டியை நீட்டினாள். குறையத்தான் செய்தது.

6

கூட்டத்தில் முதல் படமாக ஆடுகிற கவ்வியை வைத்தேன். இரண்டாவதாக வேலைப் புத்தகத்தின் பக்கம். "நான் கண்டது புதிய விளைவு அல்ல. இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் சரியாகப் பூட்டாத கவ்வி" என்றேன். அந்த வாக்கியத்தை ஜேர்மனில் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். வேற்றுமை உருபுகூடத் தவறவில்லை.

முதலில் மத்தியாஸ்தான் வாயைத் திறந்தான்.

"அப்படியானால் உன் சில்லு ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் சொல்லியிருக்கிறது?"

"ஆமாம்."

"தட்டிலிருக்கும் வெப்பமானிக்கு இது தெரியவே தெரியாது?"

"தெரியாது. அது தட்டை மட்டும்தான் அளக்கிறது."

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "என் குளிர்ப்பெட்டிக்குள்ளும் உன் சில்லை ஒருமுறை வைத்துப் பார்க்க முடியுமா?"

ஹெல்கா சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். பிறகு என்னிடம் கேட்ட கேள்வி நான் எதிர்பார்த்த கேள்வி அல்ல. ஏன் சரியாகப் பூட்டவில்லை என்று கேட்கவில்லை. கவ்வியை முடுக்கிய பிறகு எண்ணிக்கை என்ன ஆனது என்று கேட்டார். திங்கட்கிழமையே முடுக்கிக் குளிரவைத்திருந்தேன். ஆயிரத்துக்கு எட்டாக இருந்தது, பத்தாயிரத்துக்கு ஏழாக இறங்கியிருந்தது. அதாவது, இருபதில் ஒரு பங்கு என்று சொன்ன சில்லு இப்போது முப்பதில் ஒரு பங்குக்குக் கிட்ட வந்திருந்தது. தட்டு சொல்லும் ஐம்பதுக்கு இன்னும் வரவில்லை.

"அப்படியென்றால் இன்னும் ஏதோ சுடுகிறது" என்றார் ஹெல்கா. "அதைக் கண்டுபிடி."

என் ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு நீண்டது. நான் கேட்டது மூன்று. குளிர்ப்பெட்டிக்குள் எங்கே சூடு ஒழுகுகிறது என்பதைச் சில்லைக் கொண்டே எப்படித் தேடலாம் என்று ஒரு சிறிய கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் கனவு கண்ட கட்டுரை அது அல்ல. ஆனால் மற்ற ஆய்வுக்கூடங்களில் இருப்பவர்களுக்கு அதைவிட இது உதவும் என்று மத்தியாஸ் சொல்கிறான். அவன் ஆறுதலுக்காகப் பொய் சொல்கிற ஆள் இல்லை.

7

ஏப்ரல் முதல் வாரம் அக்கா திரும்பிப் போனாள். விமான நிலையத்தில் கயல்தான் அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். ரமணன், "அடுத்த முறை கோடையில வாங்கோ அக்கா" என்றார். "வாறேன் தம்பி. அதுக்குள்ள அந்த ஜன்னல ஒழுங்கா அடைச்சு வைங்க" என்றாள் அக்கா. என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் அழுதேன். எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு வகையில் நிம்மதியான அழுகை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஃபோன் வந்தது. அங்கே மத்தியானம் தாண்டி, லயத்து வீடுகளுக்குப் பின்னால் யாரோ துணி அடித்துத் துவைக்கும் சத்தம் கேட்டது.

"பெரட்டுல எல்லாம் என்னையச் சுத்திக்கிட்டாங்க கலா. ஒங்க தங்கச்சி புரொபசரு எப்புடி இருக்காங்கன்னு. நான் சொல்லிட்டேன், அவ புரொபசரு இல்ல, இன்னொருத்தங்க கீழ வேல பாக்குறா, இந்தத் தடவ தப்புப் பண்ணிட்டு, தான்தான் பண்ணேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னா, அதுக்கு ஒரு வருசம் வேல நீட்டிக் குடுத்திருக்காங்கன்னு. ஒருத்தி சொல்றா, நல்ல தோட்டமா இருக்கே, நமக்கும் அங்க பேரு பதிய முடியுமான்னு."

நான் சிரித்து முடிப்பதற்குள் கயல் வந்து, "பெரியம்மாவா?" என்று கையை நீட்டினாள். கொடுத்தேன். அவள் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு தன் அறைக்குள் போனாள். கையிலிருந்த துணிக்கூடையை இறக்கிவைக்காமலே நானும் பின்னால் போனேன். என்ன பேசுகிறார்கள் என்று கேட்க ஆசை.

"இல்ல பெரியம்மா, அத நான் அம்மாட்ட சொல்லல," என்று அவள் சொல்வது கேட்டது. பிறகு வாசலில் நிற்கும் என்னைக் கண்டாள். ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, "அம்மா, பிளீஸ், இது நாங்க பேசுறது" என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தமிழ் தொடர்ந்தது.